நன்றி சொல்லக்கூடாத வீடு

மாட்டு மடிக்குத் தடவுகிற களிம்பைத் தன் ஐந்து வயது மகளின் முழங்கால் குழியில் தடவிய முதல் அப்பன், கேவன் மாவட்டத்திலேயே, பெர்கல் டோலனாக இருக்க முடியாது. அப்படித்தான் அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். ஆனால் தடவுவதற்கு முன் டப்பாவின் மூடியைப் படிக்காத முதல் அப்பன் அவனாகவே இருக்கக்கூடும்.

மடிக் களிம்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாது. அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களில் பாதிப் பேர் குளிரில் வெடித்த கைக்கு அதைத்தான் பூசிக்கொள்கிறார்கள். இன்னொன்று புதினா எண்ணெய் போட்டது, மடி வீங்கிய பசுவுக்கு. அறுநூறு கிலோ பசுவே அதைத் தடவினால் ஒரு காலைத் தூக்கும். ஹ்யூகி லிஞ்ச் தன் பண்ணை வாசலில், பெர்கல் ஓட்டுகிற பால் லாரியின் ஜன்னல் வழியாக அவனிடம் நீட்டியது இரண்டாவது வகை. ஹ்யூகிக்குக் கண் மங்கல். பெர்கலுக்குக் கண்ணாடி போட வெட்கம். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது குழந்தை.

சனிக்கிழமை காலை குளித்து முடித்து, துண்டோடு நின்றிருந்தாள் ஓர்லா. முழங்கால் குழி இரண்டிலும் கரப்பான் என்கிற தோல் அரிப்பு சிவந்து, சொறிந்த இடத்தில் தோல் திறந்து கிடந்தது. பெர்கல் தாராளமாக ஒரு விரல் எடுத்துப் பூசினான்.  ஏதோ யோசிப்பதுபோல் மூன்று விநாடி நின்றாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவன் மனைவி கிரான்யா கையில் கிளிப்போடு மாடிக்கு ஓடி வந்தாள். வரும்போது பெர்கல் மகளைத் தூக்கித் தொட்டியில் நிறுத்தி, குழாயைத் திறந்துவிட்டு, தானும் நனைந்துகொண்டிருந்தான்.

கிரான்யா கால்நடை மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். டப்பாவை எடுத்தாள். மூடியில் இருந்ததை நிதானமாக, செய்தி வாசிப்பதுபோல் வாசித்தாள்.

"மடி வீக்கத்துக்கு. பால் கறந்தபின் இரண்டு பக்கமும் நன்றாக அழுத்தித் தேய்க்கவும்."

டப்பாவை மூடிக் குப்பைக் கூடையில் போட்டாள். திட்டியிருந்தால் பெர்கலுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஓர்லாவுக்கு ஒன்றரை வயதில் கன்னத்தில் ஆரம்பித்தது. அங்கிருந்து முழங்கை மடிப்புக்கு இறங்கி, மணிக்கட்டைச் சுற்றி, முழங்கால் குழியில் குடியேறிவிட்டது. சில வாரம் போய்விடும். போய்விட்டது என்று வாய்விட்டுச் சொன்ன மறுநாள் திரும்பி வரும். காது இருக்கிற வியாதி. அதனால் வீட்டில் யாரும் அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. கிரான்யா ஞாயிறுதோறும் மகளின் நகத்தை ஒட்ட வெட்டுவாள். தூங்கப்போகும்போது கைக்குப் பருத்திக் காலுறை மாட்டுவார்கள். காலையில் காலுறைகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். படுக்கை விரிப்பில் கடுகு கடுகாக ரத்தப் பொட்டு இருக்கும். முதல் வேலையாக விரிப்பைப் பார்ப்பது பெர்கலுக்குப் பழக்கமாகிவிட்டது, மற்றவர்கள் வானத்தைப் பார்க்கிற மாதிரி.

அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இது போகுமா, போகாதா.

டாக்டரிடம் மூன்று தடவை கேட்டான். நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும் என்றார் டாக்டர். இவளுக்குப் போகுமா என்று கேட்டான். இவள் தைரியசாலி என்று ஓர்லாவுக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார். ஸ்டீராய்டு களிம்பை மெல்லியதாகப் பூசச் சொன்னார். எவ்வளவு மெல்லியதாக என்று கேட்டதற்கு, ரொம்ப மெல்லியதாகவும் வேண்டாம் என்றார். தோல் நிபுணரைப் பார்க்கச் சீட்டு எழுதிப் போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது: ஓர்லா டோலன் பட்டியலில் இருக்கிறாள், பதினாறு மாதம் ஆகலாம், அவசரமில்லாத வகை. அந்தக் கடைசி வரி தெரியும்படி கடிதத்தைக் கிரான்யா குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். 

மருந்துக்கடைக்காரி, மழை வரும்போல இருக்கிறது என்றாள். அதுவும் உண்மைதான்.

இது போதாதென்று பெர்கலின் வேலை அப்படி. ஒரு நாளைக்குப் பதினான்கு பண்ணையில் நிறுத்திப் பால் ஏற்ற வேண்டும். குழாயை மாட்டிவிட்டுத் தொட்டி காலியாகும்வரை நின்றுதான் ஆக வேண்டும். நின்றால் பேச்சு வரும். பேச்சு வந்தால் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்கள். பதினான்கு பண்ணை, பதினான்கு வைத்தியம். ஓட்ஸைப் பழைய காலுறையில் கட்டிக் குளிக்கிற தண்ணீரில் பிழி என்றார் ஒருவர். சுவரில் ஈரம், அதுதான் காரணம் என்றார் இன்னொருவர், அந்த வீட்டுச் சுவரை ஒருநாளும் பார்க்காமலே. துணி சோப்பை மாற்றச் சொன்னாள் ஒருத்தி. ஹ்யூகி லிஞ்ச்தான் உச்சம். மூவாயிரம் லிட்டர் பால் லாரிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ரகசியமாக, "பாலை நிறுத்திப் பாரேன்" என்றார்.

நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு மாதம். பால் லாரிக்காரன் மகள் ஓட்ஸ் தண்ணீரில் கஞ்சி குடித்து முகத்தைச் சுளித்தாள். கரப்பான் இருந்த இடத்திலேயே இருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான், சோப்பை மாற்றினான், பூனையைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினான். பூனை திரும்பி வந்துவிட்டது. தன் அப்பாவுக்கு மூச்சு இழுப்பு இருந்தது என்று எப்போதோ ஒரு நர்ஸிடம் சொன்னபோது, ஓ அப்படியா என்று அவள் எழுதிக்கொண்டாள். அந்த 'ஓ அப்படியா'வை மட்டும், தன் ரத்தத்தில்தான் வந்ததோ என்று, அவன் ஆறு மாதம் சுமந்துகொண்டு லாரி ஓட்டினான்.

புதினாச் சனிக்கிழமைக்குப் பிறகு ஹ்யூகிக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த முறை லாரி வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் டிம்ப்னா என்று ஒருத்தி இருக்கிறாள், கரப்பானுக்கு வைத்தியம் அவள் கையில் இருக்கிறது, அவள் அப்பாவிடமிருந்து வந்தது என்றார். திங்களோ வியாழனோ, மூன்று தடவை போக வேண்டும். காசு கொடுக்கக்கூடாது. தயவுசெய்து என்று கேட்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நன்றி சொல்லக்கூடாது. சொன்னால் வைத்தியம் அந்த நொடியே முறிந்துவிடும்.

"வாயை மூடிட்டுப் போ, வாயை மூடிட்டு வா. உன்னால அது முடியுமான்னுதான் தெரியல" என்றார்.

கிரான்யா சண்டை போடுவாள் என்று நினைத்தான். அவள் ஊசி, மாத்திரை, ரத்தப் பரிசோதனை இவற்றை மட்டும் நம்புகிறவள். விஷயத்தைச் சொன்னதும் சற்று நேரம் கடிதம் ஒட்டியிருந்த கதவைப் பார்த்தாள். டாக்டர் கொடுத்த களிம்பை நிறுத்தக்கூடாது என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை காலை ஓர்லாவின் மஞ்சள் கவுனுக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். தேவாலயத்துக்குப் போகும்போது மட்டும் போடுகிற கவுன். 

டிம்ப்னா அவன் நினைத்த மாதிரி இல்லை. நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது இருக்கும், சத்தமான பெண், வீட்டு முற்றத்தில் பள்ளிக்கூட பஸ் நின்றிருந்தது. சமையலறை வானொலியில் அன்றைய மரண அறிவிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. யார் யார் போனார்கள் என்று கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் அணைத்தாள். ஓர்லாவைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்து, சாசரில் இருந்த பச்சை நிற வெண்ணெயைத் தொட்டு முழங்கால் குழியில் வட்டம் போட்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

ஓர்லா அவளைக் கூர்ந்து பார்த்தாள். "நீங்க சூனியக்காரியா?"

"இல்லம்மா. பஸ் ஓட்டறேன்."

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கிளம்பும்போதுதான் பெர்கலுக்குச் சோதனை. அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வார்கள். பணம் கொடுத்துப் பொருள் வாங்கிவிட்டு மூன்று தடவை நன்றி சொல்வார்கள். தொலைபேசியில் தப்பான எண்ணுக்கு அழைத்தவரும் எடுத்தவரும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். பெர்கல் பண இயந்திரத்துக்கே சொல்லியிருக்கிறான். வாசலில் நின்றபோது அந்த வார்த்தை தொண்டை வரை வந்து முட்டியது. இருமினான். வேலி நன்றாக வளர்ந்திருக்கிறது என்றான். சாயங்காலம் தூறலாம் என்றான். டிம்ப்னா கதவைப் பிடித்தபடி, ஆமாம், ஆமாம் என்றாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி மூச்சு விட்டான்.

செவ்வாய்க்கிழமை விரிப்பில் இரண்டே பொட்டு. புதன்கிழமை ஒன்றுமில்லை. வியாழக்கிழமை காலை காலுறை இரண்டும் கையிலேயே இருந்தன. பெர்கலும் கிரான்யாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் இரண்டாவது முறை போனபோது அவன் மிதந்துகொண்டிருந்தான். டிம்ப்னா வட்டம் போட்டு முடித்து, ஓர்லாவை இறக்கிவிட்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பன் ஒன்றை அவள் கையில் கொடுத்தாள். உலர்ந்த திராட்சை போட்ட பன். குழந்தை இரண்டு கையாலும் வாங்கிக் கடிக்கப் போனாள். பெர்கல் குனிந்து, எந்த அப்பனும் எந்த வீட்டிலும் கேட்பதைக் கேட்டான்.

"என்ன சொல்லணும், ஓர்லா?"

ஓர்லா நிமிர்ந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த ராகத்தில், கணீரென்று, "ரொம்ப நன்றி டிம்ப்னா" என்றாள்.

 டிம்ப்னா சாசரை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்தாள். திரும்பி வந்து, திருப்பத்தில் ஒரு டிராக்டர் நிற்கிறது, பார்த்துப் போ என்றாள். அவ்வளவுதான். முறிந்துவிட்டதா என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

காருக்குள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஐயோ, சொல்லக்கூடாதுன்னாங்களே" என்று முனகினான். பின் இருக்கையில் மெல்லுகிற சத்தம் நின்றது.

"நான் சொன்னதால அரிப்பு திரும்ப வந்துடுமா அப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. அதற்கு லைசென்ஸ் ஒன்றும் வேண்டாம். ஆனால் பெர்கல் அந்த ஊர்க்காரன். பொய் சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரு கணம் உண்மையாக யோசித்துவிட்டான்.

"பார்ப்போம்டா கண்ணு."

சனிக்கிழமை கரப்பான் திரும்ப வந்துவிட்டது. வழக்கமான மாதிரி இல்லை. தோல் கசிந்து, மஞ்சளாகப் பொருக்குக் கட்டி, குழந்தை காலை நீட்டவே மாட்டேன் என்றாள். திங்கட்கிழமை டாக்டரிடம் ஓடினார்கள். கிருமி தொற்றியிருக்கிறது, எந்தக் குழந்தைக்கும் வரக்கூடியதுதான் என்று இனிப்பு மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஏன் இப்போது வந்தது என்று கேட்டாள் கிரான்யா. சொல்வது கஷ்டம் என்றார் டாக்டர். பெர்கல் ஜன்னலைப் பார்த்தான். குறிப்பாகச் சொல்ல அவனிடம் ஒன்று இருந்தது, வெண்ணெய், பன், நன்றி என்ற வரிசையில். அதை எந்த முகத்தோடு சொல்வது?

புதன்கிழமை ஓர்லாவின் பையில் டீச்சர் எழுதிய சீட்டு இருந்தது. ஓர்லா நல்ல பிள்ளை, ஆனால் இரண்டு மூன்று நாளாக யாருக்கும் நன்றி சொல்ல மறுக்கிறாள், வற்புறுத்தினால் அழுகிறாள், வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டிருந்தது.

கிரான்யா சீட்டைப் படித்துவிட்டு அவனிடம் நீட்டினாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். பன்னில் ஆரம்பித்துக் கார்வரை. அவள் சிரித்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. நடுவில் டிம்ப்னாவின் முகத்தைக்கூடக் கொஞ்சம் நடித்துக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை.

"அவ கேட்டதுக்கு நீ என்ன சொன்ன?"

"பார்ப்போம்னு சொன்னேன்."

"பார்ப்போம்."

அவள் அந்த வார்த்தையை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. தண்ணீர் சும்மா ஓடியது. அவள் தோள் அசைவதைப் பார்த்து அவன் பக்கத்தில் போனான். என்ன செய்வதென்று தெரியாமல் குழாயை மூடினான்.

முதுகைத் திருப்பாமலே அவள் சொன்னாள். "டாக்டருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அது பரவால்ல. ஆனா அவ தன்னாலதான்னு நினைச்சுக்கிட்டுச் சொறியறா பெர்கல். நாளைக்குப் போ. அந்தம்மா வாயால ஒரு பதில் வாங்கிட்டு வா. வேலி வளர்ந்த கதையெல்லாம் வேண்டாம்."

வியாழக்கிழமை போனார்கள். ஓர்லா மஞ்சள் கவுன் வேண்டாம் என்றுவிட்டாள். டிம்ப்னா குழந்தையின் காலைப் பார்த்ததும் சாசரை எடுக்கவில்லை. மருந்து சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். சாப்பிடுகிறாள் என்றான். முடிகிறவரை விடாதே என்றாள். பிறகு குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட் வைத்தாள். ஓர்லா அதை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். கண் நிரம்பிவிட்டது.

"என்ன ஆச்சு இவளுக்கு?"

பெர்கல் ஆரம்பித்தான். வேலி என்று வாயில் வந்தது, விழுங்கினான். அன்றைக்கு ஓர்லா சொன்ன வார்த்தை, பிறகு சனிக்கிழமை, டீச்சரின் சீட்டு எல்லாவற்றையும் தலைகுனிந்தபடி சொல்லி முடித்தான். சொல்லும்போது அது எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறது என்று அவனுக்கே கேட்டது. இருந்தாலும் சிரிப்பு வரவில்லை.

டிம்ப்னா நாற்காலியை இழுத்துக் குழந்தைக்கு நேராக உட்கார்ந்தாள். "ஓர்லா, இங்க பாரு. நீ சொன்னதால வரல. நீ ஆயிரம் தடவை நன்றி சொன்னாலும் அதுக்குக் காது கேக்காது. புரியுதா? கையை எடு, மூச்சு விடு. பிஸ்கட் நமுத்துடும்."

ஓர்லா விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். "அப்ப யாராலே?"

"யாராலயும் இல்ல."

குழந்தை அதை நம்பலாமா என்று சற்று யோசித்தாள். பிறகு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் முழங்கால் பின்பக்கத்தைத் தேய்ப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பெர்கல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய்ப் பிடிக்கலாம். பிடித்தால் விடவேண்டிவரும்.

"சும்மா அவளுக்காகச் சொன்னியா?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்ப முதல் தடவை நல்லா இருந்துச்சே. நாலு நாள்."

"அது சில சமயம் தானா அடங்கும். திங்கக்கிழமை வர்றவங்களுக்கு அடங்கினா என் பேரு பரவுது. அடங்காதவங்க திரும்பி வந்து சொல்றதில்ல. நீதான் வந்திருக்க."

பெர்கல் கையிலிருந்த தொப்பியை மடித்தான், பிரித்தான். மூன்றரை வருடமாக டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரி, பதினான்கு பண்ணைக்காரர்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு வழவழத்துப்போன கேள்விதான். இருந்தும் முதல் தடவை கேட்பதுபோல் குரல் பிசிறியது.

"இது அவளுக்குப் போகுமா, டிம்ப்னா? தெரியாதுன்னு சொல்லாதே. பார்ப்போம்னும் சொல்லாதே."

டிம்ப்னா வெளியே பார்த்தாள். பிறகு கம்பளிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். மடிப்பில் தோல் தடித்து, கறுத்து, மரப்பட்டை மாதிரி வரிவரியாக இருந்தது. நடுவில் புதிதாகச் சொறிந்த சிவப்புக் கோடு.

"எங்கப்பா இந்த வெண்ணெயைத் தினம் எனக்குப் பூசினார், அவர் சாகிறவரைக்கும். ஊர்ல எத்தனையோ பிள்ளைங்களுக்கு விட்டுப் போயிருக்கு. சில பேருக்குத்தான் போகாம தங்கிடும். இவளோடது என்னோடது மாதிரி இருக்கு, அதே மாதிரி மடிப்பு, அதே நிறம்." சட்டைக் கையை அவள் இறக்கிவிடவில்லை. "போகாது பெர்கல்."